கெடாவின் மேல் போட்ட பழி

அந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் என்னைப்போலப் பக்திமான் வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களையும் முழந்தாளிலேயே நகர்ந்து முடிப்பேன். சிமெண்ட் தரை. முட்டித் தோல் உரிந்து பேண்ட் துணியில் ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் நின்றபடி ஒவ்வொரு தலமாகத் திரும்ப, நான் மட்டும் தவழ்கிற பிள்ளை மாதிரி ஓரமாகப் போய்க்கொண்டிருப்பேன். வயதான பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சு என் காதுக்கு இனித்தது. இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

அதே நேரத்தில் வீட்டில் என் மனைவி வலது காலைக் கட்டிலில் நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் முட்டி மடங்கவில்லை. தினமும் யாராவது பிடித்து மடக்கிவிட்டால்தான் மடங்கும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மடக்கிவிட வேண்டிய ஆள் கோயிலில் தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சேலத்தில் லாரிகளுக்கும், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கும் ஹோஸ், பேரிங் விற்கிற கடையில் நான் பல வருஷமாக இருக்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் முதலாளி ஒருவர் எங்கள் பழைய வாடிக்கை. நிலபுலன் உள்ள கவுண்டர் வீட்டுக்காரர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் குலதெய்வக் கோயிலில் மாசித் திருவிழாவுக்கு, அவர்கள் சொல்கிற மாசி நோம்பிக்கு, கெடா வெட்டு. குடும்பத்தோடு வந்தே ஆகவேண்டும் என்று கடைக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார். நானும் வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது சாம்பல் புதன். எங்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற நாள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்க வேண்டும், கறி மீன் தொடக்கூடாது.

மனைவி வரவில்லை என்று சொன்னாள். நீங்கள் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றாள். அவள் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் இருந்தாள். அன்றைக்கு லீவு போடவும் அவளுக்கு மனமில்லை. நான் விடவில்லை. குடும்பத்தோடு கூப்பிட்டவர் வீட்டுக்கு ஒண்டியாகப் போனால் என்ன மரியாதை என்றேன். மறுபடியும் வரவில்லை என்றாள். ஆண்டவர் நம் இலையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்றேன். இதைச் சொன்னவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவன். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பார்களே, அந்த ரகம். அவள் மூன்றாவது தடவை எதுவும் சொல்லாமல் கடைக்குப் போன் செய்து லீவு கேட்டாள். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலைப் பூசையில் இருவரும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். அங்கிருந்தே வண்டியில் புறப்பட்டோம். பந்தலுக்குள் நுழைவதற்கு முன்னால் நான் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தேன். அவள் துடைக்கவில்லை.

பந்தியில் நான் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன். குழம்பு, வறுவல், ரத்தப் பொரியல், எதையும் விடவில்லை. அவள் இலையை விரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ரிக் முதலாளியின் மனைவி பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஒண்ணுமே வெக்காம உக்காந்திருக்கறீங்க?"

இவள் ஒருசந்தி என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். அந்த அம்மாள் முகம் மாறவே இல்லை. நோம்பி சாட்டிவிட்டால் தாங்களும் கெடா வெட்டுகிற வரைக்கும் கவிச்சி தொடமாட்டோம் என்று சொல்லி, உள்ளே போய்த் தயிர்ச் சோறும் ஊறுகாயும் கொண்டுவந்து தன் கையாலேயே வைத்தார். பக்கத்து இலையில் நான் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாளுக்குப் புரிந்த விரதம், கூடவே படுத்தெழுகிற எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் கோயிலில் ஒரு கூட்டம் இருந்தது. அந்த வருஷம் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைகளை யார் முன்நின்று நடத்துவது என்று முடிவு செய்கிற கூட்டம். மைக்கைப் பிடித்து ஜெபம் சொல்வது யார், சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவது யார் என்றெல்லாம் அங்கேதான் பேசுவார்கள். நான் இல்லாவிட்டால் வேறு யாராவது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். வயிறு நிறையக் கறியோடு, சிலுவையைத் தூக்க இடம் பிடிப்பதற்காக நான் வண்டியை முறுக்கினேன். இதைவிடக் கேவலமான காரணத்துக்கு யாரும் அவசரப்பட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில், நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. வளைவு. எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அவள் என் தோளைத் தட்டினாள். மெதுவாகப் போகச் சொன்னாள். நான் முந்தினேன். அவள் மறுபடியும் தட்டினாள். எதிரே டவுன் பஸ். நான் வண்டியை இடது பக்கம் ஒடித்தேன். தார் ரோட்டை விட்டு இறங்கிய சக்கரம் சரளையில் வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் போய் விழுந்த இடத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கட்டை இருந்தது. வலது முட்டி அதில் மோதியது. ஆம்புலன்ஸில் அவளைப் படுக்கவைத்தபோது நெற்றியில் அந்தச் சாம்பல் சிலுவை கலையாமல் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

முட்டிச் சில்லு உடைந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். சில நாள் கழித்து, இனிமேல் மடக்க வேண்டும், ஈஸ்டருக்குள் பாதியாவது மடங்காவிட்டால் இறுகிப்போய்விடும் என்று டாக்டர் சொன்னார். பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தொடையை ஒரு கையால் பிடித்து, கணுக்காலை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். கத்துவார்கள், விட்டுவிடக் கூடாது. என் மனைவிக்கு இது வெறும் கால் வலி விஷயம் இல்லை. அவள் கடையில் மெத்தை விரித்துத்தான் புடவை காட்டுவார்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, எட்டி அலமாரியிலிருந்து எடுத்து, உதறி விரிக்க வேண்டும். வந்தவர் கண் எந்தப் புடவையில் ஒரு நொடி நின்றது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் அவளைக் கேட்டு வருவார்கள். முட்டி மடங்கினால்தான் அந்த மெத்தையில் அவளுக்கு இடம்.

முதல் நாள் நான் மடக்கினேன். அவள் போட்ட சத்தத்தில் கையை விட்டுவிட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டேன். அங்கே அழுவது சுலபமாக இருந்தது.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாம்பல் புதனன்று கறி சாப்பிட்டேன், அதற்காக ஆண்டவர் என்னைத் தண்டித்துவிட்டார் என்றேன். சாமியார் இளவயதுக்காரர். அன்று வரிசை நீளம். சில அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள், வீட்டில் மனைவியைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பெரிய தண்டனை வாங்கியவனுக்கு இவ்வளவு சின்னப் பரிகாரமா? அதனால்தான் முழந்தாள் யோசனையை நானே கண்டுபிடித்தேன். டெம்போவை முந்தியதை நான் அங்கே சொல்லவே இல்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அது பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இதோடு நின்றிருக்கலாம். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அதற்கு அன்பியம் என்று பெயர். அங்கே எழுந்து நின்று சாட்சி சொன்னேன். நாங்கள் இருவரும் தவக்காலத்தின் முதல் நாளே கறி விருந்துக்குப் போனோம், சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற வழியிலேயே ஆண்டவர் அடித்துவிட்டார் என்றேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ரிக் முதலாளி ஒருநாள் முட்டை அட்டையோடு பார்க்க வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்க சாமிக்கு ஆகாத நாள்ல நாங்க கூப்புட்டுப் போட்டமுங்களா?"

எங்கள் தெருப் பேச்சு எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. அந்த மனிதர் எனக்குச் சோறு போட்டதைத் தவிர வேறு ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிலில் இருந்தவள்தான் சொன்னாள், அப்படி எதுவும் இல்லை, வண்டியில் முந்தப் போய் விழுந்துவிட்டோம் என்று. தன்னையும் சேர்த்து, விழுந்துவிட்டோம் என்று அவள் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தேன். முட்டி இரண்டிலும் ரத்தம். தேங்காய் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். நடக்க முடியாதவளிடம் என் முட்டிக்கு எண்ணெய் கேட்டேன்.

அவள், பக்கத்து வீட்டம்மாள் கஞ்சி கொண்டுவந்தார் என்றாள். வீட்டுக்காரர் இவ்வளவு பாடுபடுகிறாரே, அன்றைக்கு நீயாவது நாக்கை அடக்கியிருக்கக் கூடாதா என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனாராம்.

"கறி யாருங்க சாப்பிட்டது?" என்று கேட்டாள்.

நான் என்று சொன்னேன்.

"சரி. நீங்க சாப்பிட்டீங்க. ஆண்டவருக்குக் கோபம். உங்களைத் தண்டிக்கறதுக்கு என் முட்டி எதுக்குங்க?"

பல வருஷம் மறைக்கல்வி எடுத்த வாய் இது. ஆண்டவருடைய வழிகள் நமக்குத் தெரியாது என்று முணுமுணுத்தேன்.

"எனக்குத் தெரியுது. வரலைன்னு சொன்னேன். கூட்டிட்டுப் போனீங்க. மெதுவாப் போங்கன்னு தோளைத் தட்டினேன். முறுக்கினீங்க. முறுக்குனது உங்க கை. அதைப் போயி ஆண்டவர் கைங்கறீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எனக்குச் சண்டை வரும். அவள் சொன்னதில் மறுக்க எதுவுமே இல்லை.

பிள்ளைகளுக்கு மனச்சுதந்திரம் பற்றிச் சொல்லித்தரும்போது நான் வழக்கமாகச் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. கடவுள் நமக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார், சாவியையும் கொடுத்துவிட்டார், அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறார், ஆக்சிலேட்டர் நம் கையில் இருக்கிறது என்பேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். வருஷம் தவறாமல் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தது யார், தோளைத் தட்டியது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி கிடைத்தவன் நான். அவளுக்கும் ஒரு மனம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதை நான் என் மனத்துக்கடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது எந்த வகுப்பிலும் எனக்குத் தோன்றியதில்லை. தண்டனை என்று சொல்லிக்கொண்டதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. தண்டனை என்றால் அடித்தது ஆண்டவர். விபத்து என்றால் அடித்தது நான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கெடா செத்தும் என் பழியைச் சுமந்தது. இன்னொன்றும் உண்டு. ஆண்டவர் வேலை மெனக்கெட்டுத் தண்டிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் என்கிற நினைப்பு. அவள் காலை எடுத்து எனக்குப் பாடம் நடத்துவாராம். அவள் என்ன, கரும்பலகையா?

"இனிமே சாயங்காலம் வீட்டுல இருங்க. காலை மடக்கி விடுங்க. கத்துவேன். விடக்கூடாது," என்றாள்.

அன்றைக்கே தொடங்கினோம். நடுவில் விட்டுப்போன நாட்களில் முட்டி மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. நான் கணுக்காலைத் தள்ள, அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்துவாள். முழந்தாளில் நகர்ந்தபோது எனக்கு வந்த வலி வலியே இல்லை. அது நானே தேர்ந்தெடுத்த வலி, வேண்டுமென்றால் எழுந்துவிடலாம். இங்கே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும். பல தடவை கை தானாகவே தளரும். விடாதீங்க என்பாள். பெரிய வெள்ளியன்று ஊரே கோயிலில் சிலுவையை முத்தமிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். நான் எங்கே என்று கோயிலில் யாராவது தேடியிருப்பார்களா என்று ஒரு கணம் மனம் போயிற்று. அந்த நேரத்திலும் போயிற்று.

அன்பியத்தில் சாட்சியைத் திருத்தினேன். அவள் கறியைத் தொடவில்லை, வர மாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு போனேன், வளைவில் முந்தினேன், விழுந்தோம் என்றேன். யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை. பக்கத்து வீட்டம்மாள் மட்டும், என்ன இருந்தாலும் சாம்பல் புதன் சாம்பல் புதன்தானே என்று முடித்து வைத்தார். அவர்களுக்குப் பழைய கதையே நன்றாக இருந்தது. எனக்கும் ஒருகாலத்தில் அதுதானே பிடித்திருந்தது.

ஈஸ்டர் வந்தது. முட்டி பாதிக்கும் குறைவாகத்தான் மடங்கியது. பிறகு மயக்கம் கொடுத்து ஒருமுறை மடக்கிப் பார்த்தார்கள். கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே விடாமல் மடக்கியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடை முதலாளி நல்லவர், அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஜாக்கெட் துணிப் பிரிவில், நின்று காட்டுகிற கவுண்டரில் போட்டார், பக்கத்தில் ஒரு ஸ்டூல். மெத்தையில் இப்போது வேறு ஒரு பெண் புடவை விரிக்கிறாள். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது எல்லோரும் முழந்தாளிடுவார்கள். என் மனைவி காலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் என் முட்டி இரண்டும் வலியே இல்லாமல் மடங்கும்.

இந்த வருஷமும் ரிக் முதலாளி வெற்றிலை பாக்கோடு கடைக்கு வந்தார். இந்தத் தடவை உங்கள் சாமியாரைக் கேட்டே நாள் சொல்லுங்கள் என்று சிரித்தார். கிண்டல்தான், ஆனால் உள்ளே கொஞ்சம் பயமும் இருந்தது. நோம்பி அன்று தவக்காலம் தொடங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவளிடம், "நீ வர்றியா?" என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு இடத்துக்குக் கூப்பிடும்போது நான் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்றால் நானும் போவதில்லை என்று சொல்ல நினைத்தேன். அப்படிச் சொன்னால் அதுவும் கட்டாயம்தான் என்று பட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

"வர்றேன். பஸ்ல போலாம்," என்றாள்.

பஸ்ஸில் நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள். காலை நீட்டுவதற்கு வழிப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள், நான் ஜன்னல் ஓரம். ஆட்டையாம்பட்டி தாண்டி அந்த வளைவு வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு லோடு வண்டியை முந்தினார். அவள் சட்டென்று கையை நீட்டி முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் தோள் அவளுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.